எங்கள் வாய்க்கு மட்டும் பேர் கொழுப்பா?

திருப்பூரில் பனியன் கம்பெனி வாசல் டீக்கடைகளில் ஒரு பழைய வழக்கு இன்னும் தீர்ப்பாகாமல் கிடக்கிறது. தென்கச்சி கோ. சுவாமிநாதன் பெரிய அறிவாளியா, இல்லை நாலு புத்தகத்தைப் படித்துவிட்டு ஜோக் சொன்னவரா? மனுஷன் 2009 செப்டம்பரில் இறந்துபோனார். 1988 இல் சென்னை வானொலியில் தொடங்கிய அவருடைய 'இன்று ஒரு தகவல்' நின்றும் வெகுகாலமாகிறது. ஆனால் குரல் சாகவில்லை. அன்றைக்கு டிரான்சிஸ்டரில் கேட்டதை இன்றைக்குச் செல்போனில் கேட்கிறார்கள். ஒன்றரை ஷிப்டு ஓட்டி முடித்து, காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு டீயைப் பாதி குடித்த பிறகு வழக்கு ஆரம்பமாகிறது.

"படிச்ச மனுசன்யா அவரு. ஒரு விசயத்தச் சொல்லி, அது மனசுல நிக்கோணும்னு கடைசியில ஒரு கதைய வெச்சு ஆணி அடிப்பாரு பாரு" என்பார் கட்டிங் மாஸ்டர்.

"ஏனுங் மாஸ்டர், அடுத்தவன் எழுதுனத வாசிச்சாப்ல அது அறிவுங்களா? அப்படிப் பாத்தா பஞ்சாங்கம் படிக்கிறவனும் அறிவாளிதானுங்க" என்பார் பேட்லாக் டெய்லர்.

"அட, ஜோக்கச் சொல்லிப்போட்டு தான் சிரிக்காம இருந்தாரு பாருங்க, அதுக்கே தனி மூளை வேணுமுங்க" என்று அயர்ன் மேஜையிலிருந்து ஒரு குரல்.

இளவட்டம் ஒன்று நடுவில் புகுந்து ஆர்.ஜே. பாலாஜி பேரை இழுக்கும். கோவையில் மைக் பிடித்து ஆரம்பித்தவர், சென்னைக்குப் போய் 'கிராஸ் டாக்' என்று போனிலேயே ஆளை மடக்கினவர், அதுதான் மூளை என்று அது சாதிக்கும். வயசாளி ஒருத்தர் இரண்டு பேரையும் தள்ளிவிட்டு, சிலோன் ரேடியோ கேட்காதவனெல்லாம் ரேடியோவைப் பற்றிப் பேசக்கூடாது என்பார். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று பேர்களை அடுக்குவார். தமிழை எப்படி உச்சரித்தார்கள் தெரியுமா, உங்க ஆளுகளுக்கு ழகரம் வருமா என்பார். மறுநாளும் இதே கச்சேரி. இதே ஆட்கள்.

இந்த வழக்கில் நானும் ஒரு மனு போடுகிறேன்.

என் மனு இதுதான்: பெட்டிக்குள்ளிருந்து பேசுகிறவனுக்கு எவ்வளவு புத்தி என்று வருஷக்கணக்காக அளந்துகொண்டிருக்கிறீர்களே, அளக்கிற உங்கள் புத்தியை யார் அளந்தார்கள்? 'பஞ்சாங்கம் படிக்கிறவனும் அறிவாளிதானுங்க' என்று அந்த பேட்லாக் டெய்லர் சொன்னாரே, அந்த ஒற்றை வாக்கியத்தில் இருக்கிற குத்தல் எந்த வானொலித் தகவலுக்குக் குறைந்தது? அதை யாராவது பதிவு செய்தார்களா? புத்தகமாகப் போட்டார்களா? சூப்பர்வைசர் காதில் விழுந்திருந்தால் 'வாய்க்கொழுப்பு' என்று பேர் வைத்திருப்பான். சந்தேகமே வேண்டாம்.

சண்டைக்கு முன்னால் ஒரு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். தென்கச்சியார் மேல் எனக்குத் தனிப் பகை எதுவும் கிடையாது. அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். விவசாயம் படித்துவிட்டு வானொலிக்கு வந்தவர். வானொலித் தமிழ் என்றாலே இஸ்திரி போட்ட தமிழ் என்றிருந்த காலத்தில், திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறமாதிரி பேசினார். தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்ளத் தெரிந்தவர். மேதாவித்தனம் காட்டியவர் இல்லை. அவரை அறிவாளி என்று சொல்கிறவர்களோடும் எனக்குத் தகராறில்லை, இல்லை என்கிறவர்களோடும் இல்லை. என் தகராறு, அறிவும் நகைச்சுவையும் மேலேயிருந்து கீழே ஒலிபரப்பாகிற சரக்கு என்றும், கீழே இருக்கிற நமக்குக் காது மட்டும்தான் வேலை என்றும் நம்மையே நம்ப வைத்திருக்கிற ஏற்பாட்டோடு.

தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. காதால் கேட்பதும் கேட்பதுதான், வாயால் கேட்பதும் கேட்பதுதான். கேள்வி என்றால் வினா. குறளில் 'கேள்வி' என்று ஒரு அதிகாரமே இருக்கிறது, அங்கே அது காதால் பெறுகிற அறிவு. எம்.ஏ. தமிழ் வகுப்பில் இதைச் சொல்லி எங்கள் ஆசிரியர் மொழியின் அழகை வியந்தார். நானும் வியந்தேன். பிறகுதான் உறைத்தது, இந்த இரண்டு வேலையையும் இந்தச் சமூகம் எவ்வளவு ஒழுங்காகப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறது என்று. காதால் கேட்பது எங்களுக்கு. வாயால் கேட்பது அவர்களுக்கு. 'என்னடா வேணும்' என்று கேட்பது அவர்கள், 'சொல்லுங்க சாமி' என்று கேட்டுக்கொள்வது நாங்கள்.

அந்தக் காதும்கூட எல்லாக் காலத்திலும் எங்களுக்கு அனுமதித்த உறுப்பல்ல. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். சூத்திரனுக்கே அந்தக் கதி என்றால் வர்ணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு என்ன கதி என்று எழுதக்கூட அவர்கள் மெனக்கெடவில்லை. அன்றைக்குக் கேட்டால் குற்றம். இன்றைக்கு 'கேளுங்க, கேளுங்க, கேட்டுக்கிட்டே இருங்க' என்று விளம்பரம். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. காதைத் திறந்துவிட்டவர்கள் வாயைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன்.

என் அம்மா பனியன் கம்பெனிகளில் செக்கிங் வேலை பார்த்தவர். வெளிச்சத்தில் துணியை விரித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்துப் பிரித்துப் போடுகிற வேலை. நின்றுகொண்டேதான். ஒருநாள் பையரின் ஆட்கள் பீஸ்களைத் திருப்பிவிட்டார்கள் என்று சூப்பர்வைசருக்கு ஆத்திரம். அம்மாவைவிடப் பதினைந்து வயசு சின்னவன். "ஏ, கண்ணு இருக்குதா இல்லையா உனக்கு? இத்தாப் பெரிய ஓட்டை தெரியலையா?" என்று லைனே பார்க்கக் கத்தியிருக்கிறான். அம்மா துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லியிருக்கிறார்: "ஓட்டையெல்லாம் நல்லாத் தெரியுதுங்க. சனிக்கிழமை சம்பளக் கவர்லதான் இன்னும் பெருசாத் தெரியுதுங்க."

லைன் முழுக்கச் சிரிப்பு. ஓவர்லாக் மிஷின்கள் ஒரு நிமிஷம் நின்றனவாம். அந்தச் சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு மேனேஜர் சொன்னது: "உனக்கு வாய் ஜாஸ்தி." அந்தக் கம்பெனியில் காலையிலிருந்து ராத்திரிவரை ஸ்பீக்கரில் ரேடியோ அலறிக்கொண்டிருக்கும். அதில் பேசுகிறவனுக்கும் வாய் ஜாஸ்திதான். அவனுக்கு அதற்குத்தான் சம்பளம்.

வேலை போனதை விடுங்கள். திருப்பூரில் ஒரு கம்பெனி இல்லாவிட்டால் அடுத்த சந்தில் இன்னொரு கம்பெனி. ஓட்டை என்ற ஒரே சொல்லை எடுத்து, திட்டாகத் தன்மேல் வந்ததை, கூலிக்கணக்காக மாற்றித் திருப்பியடித்த அந்த வேகம் இருக்கிறதே, அதற்கு இலக்கணப் புத்தகத்தில் சிலேடை என்று பேர். காளமேகப் புலவர் செய்தால் சிலேடை. பரீட்சையில் பத்து மார்க் கேள்வி. செக்கிங் பொம்பளை செய்தால் வாய் ஜாஸ்தி. பேரை வைப்பதற்கு முன்னால் பேசுகிறது யார் என்று பார்த்துக்கொள்கிறார்கள்.

இது ஏதோ கம்பெனி மேனேஜர் கண்டுபிடித்த அளவுகோல் இல்லை. பள்ளிக்கூடத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். புத்திசாலி என்றால் தெனாலிராமன், பீர்பால், மரியாதைராமன். அரசன் கேட்பான், இவர்கள் மடக்குவார்கள், அரசன் சிரித்துவிட்டுப் பொற்காசு கொடுப்பான். எங்களுடைய ஆள் மதுரைவீரன். சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன், துணிச்சலும் சாமர்த்தியமும் உள்ளவன் என்றுதான் கதை சொல்கிறது. அவனுக்கு என்ன கொடுத்தார்கள்? மாறுகால் மாறுகை. வெட்டிப்போட்டுவிட்டு, பிறகு வாசலில் காவல் தெய்வமாக நிற்க வைத்தார்கள், அங்கேயும் வேலை வாட்ச்மேன் வேலை. தெனாலிராமன் கதையைச் சிரித்துக்கொண்டு படிக்கிற குழந்தைகளுக்கு யாராவது மதுரைவீரன் கதையையும் பக்கத்தில் வைத்துப் படித்துக் காட்டினால் தேவலை.

'எங்க கொங்குத் தமிழ் மாதிரி மரியாதை உண்டா' என்று மார் தட்டுகிறார்களே, அதையும் பார்த்துவிடுவோம். கோவை எஃப்.எம்.களில் இது ஒரு வியாபாரமாகவே ஆகிவிட்டது. 'ஏனுங்', 'வாங்', 'சொல்லுங்' என்று இழுத்துப் பேசினால் சிரிப்பும் வருகிறது, ஊர்ப்பெருமையும் வருகிறது. நல்லது. அந்த 'ங்க' எந்தத் தெருவோடு நிற்கிறது என்று எந்தத் தொகுப்பாளராவது சொல்லியிருக்கிறாரா? எழுபது வயசு எங்கள் தாத்தனை மீசை முளைக்காத கவுண்டர் வீட்டுப் பையன் 'டேய்' என்றான், பேர் சொல்லிக் கூப்பிட்டான். தாத்தன் அவனை 'சாமி' என்றார். கொங்குத் தமிழின் மரியாதை ஊர் எல்லைவரை வந்து, செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, அங்கேயே திரும்பிவிடும். இந்தப் பக்கத்து அருந்ததியர் பலர் வீட்டில் பேசுவது தெலுங்கு. தெருவில் கொங்குத் தமிழ். கம்பெனியில் பையர் இங்கிலீஷில் நாலு வார்த்தை. இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருக்கிற பையனோடு பேச இந்தி. நாலு மொழியில் பேசி, பீஸ் ரேட்டை மனசுக்குள்ளேயே பெருக்கி, அட்வான்ஸைக் கழித்து, பாக்கி எவ்வளவு என்று கவர் வாங்குவதற்கு முன்னாலேயே சொல்கிற பெண்ணை யாரும் அறிவாளி என்பதில்லை. அவள் 'லேபர்'.

இனி அந்த ஜோக்குகளுக்கு வருவோம். நம் ஊர்த் துணுக்குகளில், பத்திரிகையோ மேடையோ வானொலியோ, ஒரு வேலைக்காரன் வருவான். சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொள்வான், அதில் சிரிப்பு. எசமான் 'விளக்கை அணை' என்றால் போய்க் கட்டிப்பிடித்துக்கொள்வான். நாம் சிரிப்போம். நாமும்தான் சிரிப்போம், அதுதான் எனக்கு எரிகிறது. ஏனென்றால் வேலைக்காரன் உண்மையில் எப்படிப்பட்டவன் என்று நமக்குத் தெரியும். எசமானின் முகத்தைப் பார்த்தே அன்றைக்குக் கூலி வருமா வராதா என்று படித்துவிடுகிறவன். புரிந்தும் புரியாதமாதிரி நின்றால் ஒரு வேலை மிச்சம் என்று தெரிந்தவன். அந்த 'முட்டாள்தனம்' பாதி நேரம் அவன் போடுகிற வேஷம். வேஷத்தை நிஜம் என்று நம்பி நூறு வருஷமாகச் சிரிக்கிறார்கள் என்றால் முட்டாள் யார்?

பாமா 1996 இல் தன் சிறுகதைத் தொகுதிக்கு 'கிசும்புக்காரன்' என்று பேர் வைத்தார். நிலக்காரனை நேருக்கு நேர் நின்று கிண்டலடிக்கிற கூலியாட்கள் அதில் வருகிறார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1993 இல், ராஜ் கௌதமன் 'தலித் பண்பாடு' எழுதினார். நாகரிகமில்லாதது என்று ஒதுக்கின எங்கள் பேச்சையும் சிரிப்பையும் வசவையும் கலகமாகப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர்களில் அவர் ஒருவர். 2024 இல் அவரும் போய்விட்டார். டீக்கடை வழக்கில் இந்த இரண்டு பேர்களையும் நான் இதுவரை கேட்டதில்லை. அங்கே அறிவாளிப் பட்டியலில் இடம்பிடிக்க ஒரு மைக் வேண்டும்.

போனில் ஆளை ஏமாற்றுகிற நிகழ்ச்சிகளின் ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் சிரிப்பு எங்கே பிறக்கிறது? கேட்கிற எல்லோருக்கும் விஷயம் தெரியும், போனின் மறுமுனையில் இருக்கிறவருக்கு மட்டும் தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் பிறக்கிறது. தெரியாதவரைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்திச் சுற்றி நின்று சிரிப்பது என்றால் என்ன என்று எங்கள் தெருவுக்கு விளக்கம் தேவையில்லை. போன் பண்ணின ஆள் சாமர்த்தியசாலிதான். மைக்கும் சிரிப்புச் சத்தமும் அவர் பக்கம் இருக்கும்போது சாமர்த்தியம் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

"எல்லாத்துலயும் சாதியக் கொண்டாந்து சொருகாதீங்கம்மா. பன்னண்டு மணி நேரம் நின்னுட்டு வர்றவன் அஞ்சு நிமிசம் சிரிக்கக் கூடாதா?" என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். யூனியன் தோழர் இன்னொருவர் நேர் எதிர்: இந்தச் சிரிப்பெல்லாம் வர்க்க உணர்வை மழுக்குகிற போதை, ரேடியோவையே நிறுத்த வேண்டும் என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். சிரிக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? 1984 இல் பஞ்சப்படி கேட்டு இந்த ஊரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. வருமானமில்லாமல், அடுப்பெரியாமல் 127 நாள் ஜனம் தாக்குப்பிடித்தது முழக்கத்தால் மட்டும் என்று யூனியன் தோழர் நம்பினால் அவர் ஒரு நாளும் ஜனங்களோடு தரையில் உட்கார்ந்ததில்லை என்று அர்த்தம். கிண்டலும் கேலியும் இல்லாத போராட்டப் பந்தலை நான் பார்த்ததேயில்லை. முதலாளி மாதிரி நடந்து காட்டுவதற்கு ஒரு ஆள் எப்போதும் இருப்பான். எங்களுக்குச் சிரிப்பு ஒன்றும் மேலேயிருந்து வந்த இறக்குமதிச் சரக்கில்லை. நான் கேட்பது, யார் சொல்லி யார் சிரிக்கிறோம், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று மட்டும்தான்.

வானொலி என்கிற சாதனத்தின் கதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தென்கச்சியாரே பண்ணை ஒலிபரப்பு வழியாக வந்தவர் என்பதால் இது அவர் வழக்குக்கும் சம்பந்தமுள்ளது. அகில இந்திய வானொலியின் விவசாய நிகழ்ச்சிக்குத் தமிழில் 'வீடும் வயலும்' என்று பேர். பேரைக் கவனியுங்கள். வீடு இருந்து வயலும் இருக்கிறவனை நோக்கித்தான் குரல். வயல் இல்லாமல் வயலில் நிற்கிறவனுக்கு அதில் என்ன தகவல்? எந்த உரம், எத்தனை கிலோ என்று வந்தது. எத்தனை மரக்கால் கூலி என்று வருமா? அறுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி.27 என்ற புது நெல் வானொலி மூலமாகவே பரவியதால் ஜனங்கள் அதை 'ரேடியோ நெல்' என்றே கூப்பிட்டார்கள். விளைச்சல் பெருகியது. அதே தஞ்சாவூர் மாவட்டத்தில், அதே பத்தாண்டில், கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை வைத்து எரித்தார்கள். நெல்லைப் பற்றிச் சொன்னவன் அறிவாளி. நெல்லில் பங்கு கேட்டவன் வாய்க்கொழுப்புக்காரன்.

இப்போதைய எஃப்.எம். கதை இன்னும் வேடிக்கை. காற்றலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 இல் தீர்ப்புச் சொன்னது. பொதுச்சொத்தை ஏலம் விட்டார்கள், தனியார் எடுத்தார்கள். உரிமத்தில் ஒரு நிபந்தனை: சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. 2011 கொள்கைக்குப் பிறகு வேண்டுமானால் அகில இந்திய வானொலிச் செய்தியை அப்படியே மாற்றாமல் போட்டுக்கொள்ளலாம். டி.வி.க்குக் கிடையாத தடை, பத்திரிகைக்குக் கிடையாத தடை, ரேடியோவுக்கு மட்டும். ஏன்? படிக்கத் தெரியாதவர்கள்வரை போய்ச் சேர்கிற சாதனம் அது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

விளைவு என்ன? 2016 மார்ச் 13 அன்று, இதே திருப்பூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சங்கரை வெட்டிச் சாய்த்தார்கள். காதலித்து மணந்த குற்றத்துக்கு. 2018 இல் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சமைத்த சத்துணவைப் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று ஊர் திரண்டு நின்றது, அதிகாரிகள் அந்த அம்மாவை இடமாற்றம் செய்தார்கள், எதிர்ப்பு கிளம்பின பிறகே அதே பள்ளியில் திரும்ப வைத்தார்கள். இதைப் பற்றிச் செய்தியாக ஒரு வரி சொந்தமாகச் சொல்ல எஃப்.எம். தொகுப்பாளருக்கு உரிமம் இடம் தராது. எத்தனை சுருக்காகப் பேசினாலும், எத்தனை படித்திருந்தாலும், அவருக்கு மிச்சமிருப்பது மாமியார் ஜோக், டிராஃபிக், சினிமா, காதலர்களுக்கு அட்வைஸ். ஆகவே, டீக்கடைப் பெரியோர்களே, அவருடைய அறிவை நீங்கள் எப்படித்தான் அளப்பீர்கள்? அது எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்ட அறிவு. தொடக்கூடாது என்ற சொல்லின் அர்த்தம் நமக்குத் தெரியாததா.

பட்டிமன்றக்காரர்களுக்கு அந்த உரிமமும் கிடையாது, தடையும் கிடையாது. இருந்தும் கணவனா மனைவியா, பழைய பாட்டா புதுப் பாட்டா என்று முப்பது வருஷமாக அதே தலைப்பு. இரட்டைக் குவளை நியாயமா என்று ஒரு பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைத்து நான் பார்த்ததில்லை. அது இருக்கட்டும்.

தெலங்கானாவில் சங்கம் ரேடியோ என்று ஒன்று இருக்கிறது. 2008 இல் தொடங்கினார்கள். நடத்துகிறவர்கள் தலித் பெண்கள், விவசாயக் கூலிகளாகவும் சிறு நிலக்காரிகளாகவும் இருந்தவர்கள். மைக்கும் அவர்களுடையது, பேச்சும் அவர்களுடைய தெலுங்கு. எந்த விதை எந்த மண்ணுக்கு என்று அவர்களே சொல்கிறார்கள், அவர்களே பாடுகிறார்கள், அவர்களே சிரிக்கிறார்கள். சமுதாய வானொலிக்கும் செய்தித் தடை உண்டு, அது தனிச் சண்டை. ஆனால் பேசுகிறவள் யார் என்பது அங்கே மாறிவிட்டது. கேட்கிறவளே பேசுகிறவள்.

2009 இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது 'தகுதி என்னாவது, திறமை என்னாவது' என்று அழுதவர்கள் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்ற பிறகும் அந்த அழுகை ஓயவில்லை. தகுதி, திறமை, அறிவு, நகைச்சுவை உணர்வு. இந்தச் சொற்களை அவர்கள் உச்சரிக்கும்போது கவனித்துப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே தெருவின் விலாசம்தான் இருக்கும். அறிவாளி யார் என்று டீக்கடையில் வழக்காடுகிற நம் ஆட்களும் அந்த விலாசத்தையே தேடிப் போகிறார்கள் என்பதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். வழக்காடுகிற திறமையெல்லாம் வைத்துக்கொண்டு, ஜட்ஜ் நாற்காலியை மட்டும் எதிராளிக்குப் போட்டுக்கொடுப்பானேன்?

நாங்கள் சிலர் ஒரு வேலையில் இறங்கியிருக்கிறோம். பனியன் கம்பெனி வேலைக்குப் போகிற பெண்கள், கைமடிக்கிறவர்கள், செக்கிங், பிசிறு வெட்டுகிறவர்கள், இவர்கள் வேலைக்கு நடுவில் பேசிக்கொள்கிற பேச்சை, ஓனருக்கும் சூப்பர்வைசருக்கும் வைத்திருக்கிற பட்டப்பேர்களை, திருப்பியடித்த சொற்களை, செல்போனிலேயே பதிவு செய்கிறோம். பட்டப்பேர்களை மட்டுமே தொகுத்தால் ஒரு அகராதி தேறும். பேர், கம்பெனி எதுவும் வெளியே வராது என்று சொல்லித்தான் பேச வைக்கிறோம், ஏனென்றால் ஒரு சிரிப்புக்கு இங்கே என்ன விலை என்று எங்களுக்குத் தெரியும். என்றைக்காவது ஒரு அலைவரிசை கையில் கிடைத்தால் முதலில் போட வேண்டியது இதைத்தான்.

போன மாசம் பிசிறு வெட்டுகிற அம்மா ஒருத்தரிடம் இதை விளக்கிச் சொன்னேன். அறுபதைத் தாண்டியவர். உங்க பேச்சு ரேடியோவுல வரும்மா, ஊரே கேக்கும் என்றேன். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ரேடியோவுல பேசுனா என்னங் கண்ணு கூலி? பீஸ் ரேட்டா, ஷிப்டு ரேட்டா? மொதல்ல அதக் கேட்டுட்டு வா. அப்புறம் மைக்க நீட்டு."